நெற்றிச்சுட்டியின் சிவப்புக் கல்

ஜெயலக்ஷ்மி மாமிக்கு அர்த்தம் சொல்ல வரும், அர்த்தம் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் எத்தனையோ வருஷமாகக் கண் எழுதுகிறேன். அந்தக் கண் ஏன் காதுவரை நீள வேண்டும் என்று யாராவது கேட்டால், கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரியத்தான் என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். மாமி அப்படிச் சுருக்கமாக விடுகிற ஆள் இல்லை. அவரிடம் ஒரு கேள்வி கேட்டால் பதிலோடு ஒரு புராணமும் வரும்.

என் பெயர் துரைராஜ், சிந்தாதிரிப்பேட்டை. பரதநாட்டியம் ஆடுகிற பெண்களுக்கு மேக்கப் போடுவது தொழில். மாமி அதே பெண்களுக்கு நகை வாடகைக்குக் கொடுக்கிறவர். டான்ஸ் செட் என்று சொல்வோம். நெற்றிச்சுட்டி, தலையின் வலப்பக்கம் சூரியன், இடப்பக்கம் சந்திரன், பின்னால் ராக்கொடி, ஜடையில் நாகம், கழுத்துக்கு அட்டிகை, மாங்காய் மாலை, இடுப்புக்கு ஒட்டியாணம். எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கும். மயிலாப்பூரில் சித்திரக்குளத்துக்குப் பக்கத்துச் சந்தில், இரண்டாவது மாடியில் மாமி வீடு. பெட்டியைக் கொடுத்து அனுப்புவதோடு அவர் வேலை முடியாது. அரங்கேற்றத்தன்று தானே வந்து தலைச்சாமானை வைத்துவிட்டுத்தான் போவார். பெண்ணின் முகம் என் பொறுப்பு, தலை மாமி பொறுப்பு. இரண்டு பேருக்கும் ஒரே கண்ணாடி. அதனால் சண்டை போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டோம்.

மாமியிடம் இருந்த செட்டுகள் எல்லாமே பழசு. ஏதோ ஒரு நாடகக் கம்பெனி கலைந்தபோது அவருடைய மாமனார் டிரங்குப் பெட்டியோடு வாங்கி வந்ததாம். செம்பில் செய்து மேலே தங்கப் பூச்சு. கல்லுக்குக் கெம்பு என்று மரியாதையான பெயர் உண்டு, ஆனால் அது கண்ணாடி. முதுகில் வெள்ளித்தாள் ஒட்டியிருப்பதால் விளக்கு பட்டதும் பளபளக்கும். தாள் கறுத்துவிட்டால் கல் செத்துப்போகும். விழுந்த கல்லை ஒட்டுவதும் கறுத்த தாளை மாற்றுவதும் மாமியின் கணவர் பத்ரிநாராயணன் சார் வேலை. இன்சூரன்ஸ் ஆபீஸிலிருந்து வந்து, காபி குடித்துவிட்டு, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பசை டப்பாவைத் திறப்பார். அதிகம் பேச மாட்டார். மாமி இருக்கிற வீட்டில் இன்னொருவர் பேசுவதற்கு இடமும் கிடையாது.

பழைய செட்டை வைத்துக்கொண்டு எப்படிப் பிழைப்பது? புதுசு புதுசாக வடசேரியில் செய்த கோயில் நகை வந்து இறங்குகிற ஊரில், ஓரம் தேய்ந்த அன்னப் பதக்கத்தை யார் வாடகைக்கு எடுப்பார்கள்? மாமி அதற்கு வழி கண்டுபிடித்தார். "பழசுக்கு அர்த்தம் இருக்கும், புதுசுக்கு விலைதான் இருக்கும்" என்பார். வந்தவர்களுக்கு முதலில் காபி, அப்புறம் அர்த்தம்.

சூரியன் பிறந்த வீடு, சந்திரன் புகுந்த வீடு, இரண்டுக்கும் நடுவில் வகிடு மாதிரி நேராகப் போக வேண்டியது பெண். ஜடை நாகம் முதுகுக்குப் பின்னால் பேசுகிறவர்களைப் பார்த்துக்கொள்வதற்கு. அட்டிகைப் பதக்கத்தில் இருக்கிற இரட்டைத் தலைப் பறவை என்றால் ஒரே வீட்டில் மாமியாரும் மருமகளும். உடம்பு ஒன்று, வாய் இரண்டு. ஒட்டியாணத்துக் கிளிக்கு மட்டும் ஆளுக்கொரு அர்த்தம். அமெரிக்காவிலிருந்து வந்த அம்மாவுக்கு அது தாய்நாட்டுக்குத் தூது போகிற கிளி. பிளஸ் டூ எழுதப் போகிற பெண்ணின் அம்மாவுக்கு அதே கிளி சரஸ்வதியின் கையில் இருந்தது.

இதெல்லாம் எங்கே படித்தது என்று ஒருமுறை கேட்டேன். "எங்கயும் படிக்கலை துரை. கேக்கறவா மூஞ்சியைப் பார்த்தா வந்துடறது" என்றார். பத்ரி சார் தலையைத் தூக்காமல் சிரித்தார்.

மாமி சொன்னது மாமியோடு நிற்கவில்லை. அரங்கேற்றத்தில் மைக் பிடிக்கிற பெண்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய் மேடையில் வாசித்தார்கள். மற்ற கடைக்காரர்களும் சொல்ல ஆரம்பித்தார்கள். திருவான்மியூரில் ஒரு டான்ஸ் டீச்சர் எனக்கே இரட்டைத் தலைப் பறவையை விளக்கினார். ஆமாங்க, அப்படிங்களா என்று கேட்டுக்கொண்டேன். பிழைப்பு அப்படி.

இதில் ஒரு அர்த்தம் மட்டும் வேறு மாதிரி போயிற்று.

மேற்கு மாம்பலத்தில் வேதவல்லி என்று ஒரு அம்மாள் இருந்தார். அவரும் டான்ஸ் செட் வாடகைக்கு விடுகிறவர்தான். சின்ன வயதிலேயே கணவர் போய்விட்டார். நகை நன்றாக இருக்கும், சுத்தமாக இருக்கும், சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். அடையாறிலிருந்து சாருலதா என்று ஒரு பதினாலு வயதுப் பெண்ணின் அரங்கேற்றத்துக்கு, அவள் அம்மா மாமி வீட்டில் செட்டைப் பார்த்துவிட்டு, "வேதவல்லி ஆத்துலயும் ஒரு நடை பார்த்துட்டுச் சொல்றேன்" என்று எழுந்தார். நான் மேக்கப் விஷயமாக அங்கே உட்கார்ந்திருந்தேன். மாமி நெற்றிச்சுட்டியைக் கையில் எடுத்தார். அதன் பதக்கத்தில் நடுவே கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சிவப்புக் கல்.

"பாருங்கோ, போறது உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்கோ. இந்த நடுக்கல் இருக்கே, இது குங்குமம். குங்குமம் வெச்சுண்ட கைதான் இதை எடுத்து வெக்கணும். அப்பத்தான் இது கல். இல்லேன்னா வெறும் கண்ணாடி" என்றார்.

அந்த அம்மாள் திரும்ப உட்கார்ந்துவிட்டார். சாருலதா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். பத்ரி சார் மட்டும் ஜன்னலோரத்திலிருந்து, "ஜெயா, இது வேண்டாம்" என்றார். மாமி காதில் போட்டுக்கொள்ளவில்லை. வியாபாரம் முடிந்த சந்தோஷம்.

மற்ற அர்த்தங்களைக் கேட்டவர்கள் ரசித்தார்கள், இந்த அர்த்தத்துக்குப் பயந்தார்கள். பயம் வேகமாகப் பரவும். அந்த வருஷ சீசன் முடிவதற்குள் டான்ஸ் செட்டைச் சுமங்கலிதான் வைக்க வேண்டும் என்பது ஆதிகாலத்துச் சம்பிரதாயம் ஆகிவிட்டது. வேதவல்லியை நான் அப்புறம் எந்த மேக்கப் அறையிலும் பார்க்கவில்லை. பாவம் என்று நினைத்தேன். மாமி அதுகூட நினைத்தாரா என்று எனக்குத் தெரியாது.

போன வருஷம் ஆடி மாதத்தில் பத்ரி சார் போய்விட்டார். சாயங்காலம் பசை டப்பாவைத் திறந்தவர் மூடவில்லை. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஹூஸ்டனிலிருந்து மகன் கிரீஷ் வந்து காரியங்களைச் செய்தான். பதிமூன்றாம் நாள் முடிந்து போகும்போது, "போதும்மா, பெட்டியை மூடிட்டு என்னோட வந்துடு" என்றான். மாமி முடியாது என்றார்.

"அங்க போய் நான் என்ன பண்ணுவேன் துரை? கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுடும்" என்று என்னிடம் சொன்னார். குங்குமத்தை எடுத்துவிட்டு, மருமகள் சொன்னாள் என்று கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று சின்னதாக வைத்திருந்தார். முப்பது வருஷமாகப் பார்த்த முகம். எனக்குப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

புரட்டாசி கழிந்து போன் வர ஆரம்பித்தது. எல்லாரும் தேனாகப் பேசினார்கள். "மாமி, உங்களுக்கு எதுக்குச் சிரமம், செட்டு மட்டும் குடுத்துடுங்கோ. நாங்க ஆத்து மனுஷா யாரையாவது வெச்சு வெச்சுக்கறோம்." அடுத்தவர் இன்னும் ஒரு படி மேலே போனார். "பெட்டியை மட்டும் துரை அண்ணா கைல குடுத்து அனுப்பிடறேளா?"

துரை அண்ணா கை என்றால் என் கை. நானும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மஞ்சள், குங்குமம் வைத்த தட்டில் பெட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான்காவது பெட்டியோ ஐந்தாவது பெட்டியோ கொடுத்துவிட்டு அடையாறு டிப்போவில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் மனைவி அன்புச்செல்வி கிட்னி கெட்டுப் போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அது இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், துக்கம் விசாரித்தார்கள், சில பேர் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்கே வந்தார்கள். மறு வாரமே அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு என் கையால் பொட்டு வைத்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பஸ் வந்தது, ஏறாமல் நின்றேன்.

இதை மாமியிடம் சொன்னேன். கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "யானை மாதிரி என் தலையில நானே மண்ணை வாரிப் போட்டுண்டேன், துரை" என்றார்.

"இப்பவாவது நெசத்த சொல்லிட வேண்டியதுதான மாமி?"

"யார்கிட்ட? போன்ல கூப்பிட்டுச் சொல்லச் சொல்றியா?"

இப்படி இருக்கும்போது சாருலதா வந்தாள். அதே சாருலதாதான். இப்போது பெரிய கம்பெனியில் பெரிய வேலை. அவள் பெண் ஸ்ரீரஞ்சனிக்கு அரங்கேற்றம், தி.நகரில் ஒரு ஹாலில். மாமியின் காலில் விழுந்து எழுந்து, "என் அரங்கேற்றத்துக்கு வெச்ச அதே செட்டுதான் வேணும். நீங்களும் கட்டாயம் கிரீன் ரூமுக்கு வரணும். நீங்க இல்லாம ஒரு அரங்கேற்றத்தை நான் நெனச்சுப் பார்க்கவே மாட்டேன்" என்றாள். கண் கலங்கித்தான் சொன்னாள். நடிப்பு இல்லை.

அவள் போனதும் மாமிக்கு முகமே மாறிவிட்டது. பத்ரி சார் போனபிறகு முதல்முறையாக அந்த டிரங்குப் பெட்டியைத் தானே திறந்தார். புளித்தண்ணீர் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தார். சந்திரனில் ஒரு கல் ஆடியது. பசை டப்பாவை எடுத்துத் தானே ஒட்டினார், கொஞ்சம் அதிகமாகப் போய் வழிந்தது.

"சாருவே கூப்பிட்டுட்டா. அவளுக்கு நான் வெச்சது, அவ பொண்ணுக்கும் நான் வெச்சுட்டா, அப்புறம் மத்தவா வாயை மூடிண்டு வருவா. இதுவும் இல்லேன்னா கிரீஷ் சொன்ன மாதிரி பெட்டியை மூடிட வேண்டியதுதான் துரை" என்றார்.

சாருலதா வரணும் என்றாளே தவிர, வைக்கணும் என்று சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை. ஆனாலும், சரி மாமி என்று தலையை ஆட்டிவைத்தேன்.

அரங்கேற்றத்தன்று மெட்ரோவுக்காக லஸ் பக்கம் தோண்டிப் போட்டிருந்ததில் ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. போய்ச் சேர்ந்தபோது மிருதங்கக்காரர் சுருதி சேர்க்க ஆரம்பித்துவிட்டார். ஸ்ரீரஞ்சனி பிளாஸ்டிக் நாற்காலியில் முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் முகத்துக்குப் போட்டு முடித்து, வலது கண்ணை எழுதி, இடது கண்ணுக்குப் பிரஷ்ஷை மையில் தோய்த்தேன். மாமி பெட்டியைத் திறந்து நெற்றிச்சுட்டியை வெளியே எடுத்தார். அந்தச் சமயம் சாருலதா உள்ளே வந்தாள். கூடவே அவள் நாத்தனார், பட்டுப்புடவை, கையில் தாம்பூலத் தட்டு.

"மாமி, நீங்க இப்படி ஃபேனுக்குக் கீழ உக்காருங்கோ. நெத்திச்சுட்டி மட்டும் அக்கா வெச்சுடட்டும்" என்றாள் சாருலதா.

"அவளுக்குக் கொக்கி எங்க இருக்குன்னு தெரியுமா?" என்றார் மாமி.

"நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்கோ, அவ வெப்பா."

"சாரு, உனக்கு நான்தானே வெச்சேன்."

"அதனாலதான் மாமி சொல்றேன். அன்னிக்கு நீங்க சொன்னது எனக்கு அப்படியே மனசுல நிக்கறது. குங்குமம் வெச்சுண்ட கை வெச்சாத்தான் அது கல், இல்லேன்னா வெறும் கண்ணாடின்னு சொன்னேள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிடுத்து. கல்யாணத்தன்னிக்குக்கூட அதைத்தான் நெனச்சுண்டேன். நீங்க சொல்லிக்குடுத்ததை நானே மீறலாமா, சொல்லுங்கோ."

மாமி கையிலிருந்த சுட்டியைப் பார்த்தார். பிறகு சாருலதாவைப் பார்த்தார்.

"அது கண்ணாடிதான் சாரு. எந்தக் கை வெச்சாலும் கண்ணாடிதான். உங்கம்மா வேதவல்லிகிட்டப் போறேன்னு எழுந்துண்டா. அவ தாலி இல்லாதவ. உங்கம்மாவை உக்கார வெக்கறதுக்கு அந்த நிமிஷம் வாய்ல என்ன வந்துதோ அதைச் சொன்னேன். சாஸ்திரமும் இல்லை, சம்பிரதாயமும் இல்லை. நான் சொன்ன பொய் அது."

இதைவிடத் தெளிவாக ஒரு மனுஷி சொல்ல முடியாது. சாருலதாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. மாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"மாமா போனதுலேர்ந்து நீங்க ரொம்ப ஒடிஞ்சு போயிட்டேள். உங்களை நீங்களே இப்படிக் குறைச்சுப் பேசாதேங்கோ. நீங்க பொய் சொல்வேளா?"

நாத்தனாரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். பொய் என்று சொன்னதைத்தான் பொய் என்று நினைத்தார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். கை நடுங்கினால் கண் எழுத முடியாது. அதனால் பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். துணியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அப்ப நானும் தொடக் கூடாதும்மா" என்றேன்.

"என்ன அண்ணா சொல்றேள்?"

"என் சம்சாரம் போயி ஒம்போது வருசமாவுது. நீங்ககூட வந்து துக்கம் கேட்டுக்கினு போனீங்க. நானும் இன்னிவரைக்கும் எல்லாப் பொண்ணுக்கும் பொட்டு வெச்சிக்கினுதான் கீறேன். நீங்க சொன்னப்புறந்தான் தப்புன்னு தெரிது. வேற யாரையாவது கூப்ட்டுக்கங்க."

"உங்களுக்கு என்ன அண்ணா, ஆம்பளைகளுக்கு அதெல்லாம் கிடையாது."

"அத யாரும்மா சொன்னது?"

சாருலதா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், படித்த பெண். "மாமி அதைப்பத்தி ஒண்ணும் சொல்லலை" என்றாள்.

"மாமி இங்கதான கீறாங்க. கேளுங்க."

எல்லாரும் மாமியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து ஸ்ரீரஞ்சனியும் ஒரு கண் எழுதியும் ஒரு கண் வெறுமையாகவும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் பதில் இல்லாமல் மாமி நின்று நான் கண்டதில்லை. அன்றைக்கும் நிற்கவில்லை.

"உண்டு. ஆம்பளைக்கும் உண்டு" என்றார்.

வெளியே மிருதங்கம் நின்று வயலின் ஆரம்பித்தது. சாருலதாவின் கணவர் கதவைத் தட்டி, சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார் என்றார். ஒற்றைக் கண் எழுதிய பெண்ணை மேடை ஏற்ற முடியாது. சாருலதா தன் பெண்ணைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், கடைசியில், "சரி மாமி. நீங்களே வைங்கோ. அண்ணா, நீங்களும் எழுதுங்கோ" என்றாள்.

மாமி வைத்தார். அந்தக் கொக்கி ஒரு மோசமான கொக்கி, மயிரில் சிக்கும், ஆனால் மாமி கைக்கு அடங்கும். சுட்டி வகிட்டில் நேராக இறங்கி நெற்றியில் உட்கார்ந்தது. நான் இடது கண்ணை எழுதினேன். எனக்கு ரொம்பத் திருப்தி. நம்மாலும் உலகத்தில் ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி சூரியனையும் சந்திரனையும் எடுக்கப் பெட்டிப் பக்கம் திரும்பினார். அந்த இடைவெளியில் சாருலதா நாத்தனாரிடம் கண்ணைக் காட்டினாள். நாத்தனார் சத்தமில்லாமல் முன்னால் வந்து, அந்தப் பதக்கத்தை இரண்டு விரலால் தூக்கி, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து, அதே இடத்தில் திரும்ப வைத்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது, ஒரு மூச்சு விடுகிற நேரம். எதிரே கண்ணாடி இருந்ததை அவர்கள் மறந்துவிட்டார்கள். மாமி பெட்டியின் மேல் குனிந்தபடியே கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து வலப்பக்கம் சூரியனை வைத்தார், இடப்பக்கம் சந்திரனை வைத்தார், ஜடையில் நாகத்தை வைத்துக் குஞ்சலம் கட்டினார். ஸ்ரீரஞ்சனி எழுந்து அவர் காலைத் தொட்டாள். "நன்னா ஆடு" என்றார். அந்தப் பெண்ணும் சுமாராக ஆடினாள், குற்றம் சொல்வதற்கில்லை.

பதவர்ணம் முடிந்து அடுத்த உருப்படிக்கு முன் மைக் பிடித்த பெண் நகைகளைப் பற்றி வாசித்தாள். சூரியன் பிறந்த வீடு, சந்திரன் புகுந்த வீடு. நடுவில் உள்ள சிவப்புக் கல் குங்குமத்தின் அடையாளம், நமது தொன்மையான மரபுப்படி இன்றும் அது ஒரு சுமங்கலியின் கரத்தால் சூட்டப்பட்டது. கூட்டம் கைதட்டியது. மாமி மேடையின் பக்கத்திரை ஓரமாக நின்று, தன் வாயிலிருந்து வந்ததைக் கடைசி வார்த்தைவரை கேட்டார். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது, "வேதவல்லி இன்னும் மாம்பலத்துலதான் இருக்காளா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் தரைத்தளம். கதவு திறந்தே இருந்தது. உள்ளே தரை முழுக்கத் தகரக் கிரீடம், ஜிகினாத்தாள் ஒட்டிய கதாயுதம், மயில்பீலி, பிளாஸ்டிக் வில். நடுவில் வேதவல்லி அம்மாள் உட்கார்ந்து ஒரு குட்டிக் கிருஷ்ணனின் கிரீடத்துக்கு எலாஸ்டிக் கோத்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு வாடகைக்கு விடுகிறாராம். நிமிர்ந்து பார்த்தார். மாமியின் நெற்றியைப் பார்த்தார்.

"உனக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாளா?" என்றார்.

மாமி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார், ஒரு கதாயுதத்தைத் தள்ளிவிட்டு. "அந்த ரூலை நான்தான் போட்டேன்" என்றார்.

"தெரியுமே. முதல் வருஷமே தெரியும். அது ஜெயலக்ஷ்மி கட்டின கதைன்னு நானும் போறவா வரவா எல்லார்கிட்டயும் சொல்லிப் பார்த்தேன். வயித்தெரிச்சல்ல பேசறான்னுட்டா."

"நேத்திக்கு நானே சொன்னேன். துக்கத்துல பேசறேன்னுட்டா."

"அவ்வளவுதான். பட்டவ சொன்னாலும் நம்பலை, சொன்னவ சொன்னாலும் நம்பலை. பேஷா கட்டிட்டே" என்று வேதவல்லி எலாஸ்டிக்கைப் பல்லால் கடித்து அறுத்தார்.

மாமி தலையைக் குனிந்துகொண்டு, "நீ என்கிட்ட நேரா வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொல்லிவிட்டார்.

"கேக்கத்தான் வந்தேன். உங்காத்துக்கு வந்தேன். நீ காபி குடுத்தே. உங்காத்துக்காரர் எழுந்து நின்னு வாங்கோன்னார். எனக்குக் கேக்க வாய் வரலை, சரி கிளம்பறேன்னேன். நீ பழக்க தோஷத்துல உள்ளே போய்க் குங்குமச்சிமிழை எடுத்துண்டு வந்தே. வாசப்படிகிட்ட வந்து என் மூஞ்சியைப் பார்த்தே. பார்த்துட்டு, சிமிழைத் திருப்பி உள்ள கொண்டு போயிட்டே. அதுக்கப்புறம் கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

மாமிக்கு ஞாபகம் இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. தேடித் தேடிப் பார்க்கிறார், கிடைக்கவில்லை. இன்னொருத்தி இத்தனை வருஷம் சுமந்தது இவருக்கு நினைவில்கூட இல்லை. எனக்கு வெளியே போய்விடலாம் போல இருந்தது, ஆனால் காலைச் சுற்றி வில்லும் அம்பும்.

வேதவல்லி அடுத்த கிரீடத்தை எடுத்தார். "சனிக்கிழமை ஒரு ஸ்கூல்ல ஆண்டு விழா. ராமாயணம், மகாபாரதம், பாரதமாதா எல்லாம் ஒரே நாள்ல. ஒரு வண்டி குழந்தைகள். நிமிஷத்துக்கு ஒரு தலை கட்டணும். ஒருத்தரும் அர்த்தம் கேக்க மாட்டா, கேக்க நேரம் கிடையாது. எனக்குக் கை வலிக்கறது. வரியா?"

மாமி நிமிர்ந்து பார்த்தார்.

"மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதே. எனக்கு ஆள் வேணும்" என்றார் வேதவல்லி. "இவரையும் கூட்டிண்டு வா. மீசை வரையணும். ராவணனுக்கே பத்து."

"வரேன்" என்றார் மாமி. நானும், வரோம்மா என்று சத்தமாகச் சொன்னேன்.

கிளம்பி வாசலுக்கு வந்தோம். வேதவல்லி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் சிமிழ் இருந்தது. மூடியைத் திறந்து மாமிக்கு முன்னால் நீட்டினார். மாமியின் கை பாதிவரை வந்து அப்படியே நின்றுவிட்டது. எங்கே வைப்பது என்று தெரியாத கை மாதிரி நின்றது.

"எடுத்துக்கோ" என்றார் வேதவல்லி. "நான் திருப்பி உள்ள கொண்டு போக மாட்டேன்."

பத்ரி சாரைத் தூக்கிக்கொண்டு போனபோதுகூட மாமி வாய்விட்டு அழவில்லை. அன்றைக்கு அந்த வாசலில் நின்று அழுதார். எதிர் வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். வேதவல்லி ஆறுதல் சொல்லவில்லை, சிமிழையும் இறக்கவில்லை. அழுது முடிகிறவரை நீட்டியபடியே நின்றார். பிறகு மாமி மோதிர விரலால் தொட்டு, கறுப்பு ஸ்டிக்கருக்கு மேலே இட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாமல் வைத்ததில் பொட்டு ஓரமாக விழுந்தது, ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் தீற்றலாக.

சிமிழ் என் பக்கமும் வந்தது. நானும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கோணலான பொட்டைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும், யார் முகமாக இருந்தாலும் துணியை எடுத்துத் துடைத்து நேராக்கிவிடுவேன். மாமியின் பொட்டை நான் தொடவில்லை. ஆட்டோவைக் கூப்பிட்டேன்.